ரிப்பேர் ஆகாத ஃபேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், என் வலது முழங்கால் சுகம், இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து நீ சுகமா என்று கேட்க வேண்டும். நீ சுகமாக இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை உன் குரலிலேயே தெரிந்தது, அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும், ஆகையால் இந்தமுறை அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு முகமில்லை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், வாயைத் திறந்தால் குளியலறைக் குழாய் ஒழுகுவதும் உன் அண்ணன் மகள் கண்ணாடி போட்டுக்கொண்டதும்தான் வருகிறது. மேலும் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், சொல்ல வந்த விஷயம் முதல் பத்தி முடிவதற்குள் வந்துவிட வேண்டும், வராவிட்டால் எழுதுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று பொருள் என்பார். எனவே எழுதிவிடுகிறேன். நீ இங்கே வந்திருந்தபோது பெடஸ்டல் ஃபேன் ரிப்பேர் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு ரிப்பேரும் இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய மெத்தைக்குப் பின்னால் போர்வையைப் போர்த்தி நிறுத்தி வைத்திருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ மழைக்காலத்தில் லீவு போட்டுவிட்டு வந்தாய். சைக்கிளையும், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நகராமல் மாட்டுகிற அந்த ட்ரெய்னரையும் பெட்டி கட்டிக்கொண்டு இறங்கினாய், பெண் வருகிறாள் என்று பார்த்தால் பட்டறையே வருகிறதே என்று நான் முகத்தைச் சுளித்தேன். வெளியே மழை விடவில்லை, மலை ரேஸுக்கு உடம்பு தயாராக வேண்டும் என்று சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னறை நடுவில் அதை நிறுத்தினாய். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று கம்பளியை நாலாக மடித்து அடியில் போட்டது நான்தான். அப்படியும் அவள் படியேறி வந்து, "என்னக்கா, மேல மாவு மில்லு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள், நீ வியர்த்து வழிய மிதிப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ மிதிச்சும் பொண்ணு இங்கயேதான் நிக்குது பாருங்க" என்றாள், நீ சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு சாயப் பார்த்தாய்.

முதல் நாளே ஃபேன் கேட்டாய். ரோட்டில் ஓட்டினால் காற்று தானாக முகத்தில் அடிக்கும், வீட்டுக்குள் அது கிடையாது, சூடு வெளியேற வழியில்லாமல் உடம்பு தளர்ந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினாய். என் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான், வியர்த்த உடம்பில் நேராகக் காற்று. எங்கள் பள்ளியில் விளையாடிவிட்டு வந்தால் வியர்வை அடங்கும்வரை ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் உட்கார வைப்பார்கள், அந்தப் பயம் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது. அதிலும் நீ வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் உனக்கு நெஞ்சுச்சளி வந்து இருமி இருமி ஓய்ந்திருந்தாய். நீ குளிக்கப் போன நேரத்தில் ஃபேனை உருட்டிக்கொண்டு போய் ஒளித்துவிட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா என்றாய், அவன் ஊரில் இல்லை என்றேன். புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்றாய், வீட்டில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றா, இது என்ன ஊதாரித்தனம் என்று திட்டினேன். தலைக்கு மேலே சுற்றிய சீலிங் ஃபேனைக்கூட நீ பார்க்காத நேரத்தில் குறைத்து வைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. மலையிலிருந்து இறங்கும்போது குளிருமே, அப்போது மட்டும் காற்று படாதா என்று நான் சண்டைக்கு வந்தபோது, சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வோம் அம்மா, காற்று உள்ளே வராது என்றாய். படிக்கிற பேப்பரையா என்று ஏளனம் செய்தேன். எனக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும் என்பதை உன் சின்ன வயதிலிருந்தே நான் ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு அந்தச் சோதனை நாள். எவ்வளவு பலமாக மிதிக்கிறாய் என்று அளந்து உன் கோச்சுக்கு அனுப்ப வேண்டும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் மலை ரேஸா ஏரி ரேஸா என்று முடிவு செய்வோம் என்று சொல்லியிருந்தாய். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒன்றைத்தான் எடுக்க முடியும். மலை ரேஸுக்காக நீ மூன்று வருடமாக லேபில் பகலெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து விடியற்காலையில் மிதித்தவள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஏரி ரேஸ் சமதரையில் சுற்றி வருவது, புதிதாக ஓட்டுகிறவர்களும் வருவார்கள் என்று நீயே சொன்னாய். அன்றைக்கு மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. நீ தலையைக் குனிந்து மிதித்தாய், முகம் செங்கல் நிறமாகிவிட்டது, தரையில் வியர்வை குட்டையாகத் தேங்கியது. சுவரில் உன் அப்பா படத்தின் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் மங்கிவிட்டது. நான் முந்தானையால் அதைத் துடைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டோர் ரூம் பத்தடி தூரம்தான். முடிந்ததும் நீ கைப்பிடி மேல் கவிழ்ந்து கிடந்தாய், எண்ணைப் பார்த்தாய். அப்புறம் டவலால் தரையைத் துடைத்துக்கொண்டே, "வயசு நாப்பது தாண்டிடுச்சில்லம்மா, அவ்ளோதான் போல" என்று சிரித்தாய். அன்று சாயங்காலமே ஏரி ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய்.

இதுவரை எழுதியது பயத்தினால் செய்தது. இனி எழுதப்போவதற்கு அந்தச் சாக்கு கிடையாது. ஏரி இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான், ரேஸுக்கு ஒரு வாரம் முன்னாலேயே இங்கே வந்து தங்கிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது என் மனசு துள்ளியது. உன் முகம் வாடிப்போயிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் துள்ளியது. மலை ரேஸ் என்றால் நீ எதிர்த்திசையில் எங்கோ போயிருப்பாய், இந்த வருடம் உன்னை மறுபடி பார்த்திருக்க மாட்டேன். பின்னறைத் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன், உன் கட்டிலைத் தட்டிப் போட்டேன், தையல்காரம்மாவிடம் பெண் திரும்ப வருகிறாள் என்று இரண்டு தரம் சொன்னேன். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்ஸியை மார்க்கெட் தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னேனே, ஏன் என்று கேட்டாய், பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்றேன். பள்ளமும் இல்லை ஒன்றும் இல்லை. தெருமுனையில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்றுகொண்டிருந்தான்.

அப்போதும்கூட ஃபேனுக்கும் உன் எண்ணுக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. முழங்காலுக்குப் போகிற கிளினிக்கில் எனக்கும் ஒரு நகராத சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள், சிரிக்காதே, நன்றாகவே மிதிக்கிறேன். இரண்டு வாரம் முன்னால் வியர்க்கிறதே, காற்று படக்கூடாதே என்று எதிரில் இருந்த ஃபேனை நானே அணைத்துவிட்டு ஏறினேன். வழக்கத்தில் பாதிகூட மிதித்திருக்க மாட்டேன், காது அடைத்தது, கால் இரண்டும் யாருடையதோ போல் ஆகிவிட்டன. பிசியோதெரபிப் பெண் ஓடிவந்து தண்ணீரைக் கொடுத்து, "யாரு ஃபேன ஆஃப் பண்ணது?" என்று எல்லோரையும் அதட்டினாள். நான் தண்ணீரைக் குடிப்பதில் மும்முரமாக இருந்தேன். பக்கத்தில் தோள்பட்டை வலிக்கு வரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், "மேடம்தான் பண்ணாங்க, என் கண்ணால பாத்தேன்" என்று போட்டுக்கொடுத்தார். அங்கே ஒரு பெஞ்சில் ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுப் படுத்திருந்தபோது எனக்கு உன் அப்பா படத்தின் கண்ணாடிதான் கண்ணில் நின்றது. என் பெண்ணின் கால் தளரவில்லை, என் வீட்டில் காற்று இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று அப்போதே புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் குழாயைப் பற்றிப் பேசினேன் பார், அதுதான் இதிலெல்லாம் பெரிய தப்பு. போன ஞாயிறு நீ, விடியற்காலை மிதிப்பதை விட்டுவிட்டேன், ஏரிக்கு இது போதும், மலை ஏறும்போது மிதி லேசாக இருக்கட்டும் என்று வாங்கின பெரிய பல்சக்கரத்தைக்கூட யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குப் பால் போதும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாய். உனக்கு வயதாகிவிட்டது என்று உன்னை நம்பவைத்தது நான். நீங்கள் இருவரும் சின்னவர்களாக இருந்தபோது பொய் சொன்னால் உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுதவைப்பேன், பிழை இருந்தால் திருத்தித் திரும்ப எழுதச் சொல்வேன். நான் யாரிடமும் அப்படி எழுதியதில்லை, உன் அப்பாவிடம்கூட. இப்போது எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொன்னேன், அந்தப் பொய்யின் பலனை அனுபவிக்கவும் ஆசைப்பட்டேன். என்னை மன்னித்துவிடு. உடனே மன்னிக்க வேண்டாம், கொஞ்சம் கோபப்பட்டுவிட்டு மன்னித்தால் போதும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ரேஸை மாற்றிக்கொள்ள இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று நீதான் சொன்னாய், அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தப் பல்சக்கரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் வீட்டில், உன் ஃபேனை முழு வேகத்தில் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு அந்தச் சோதனையை இன்னொரு தடவை செய். எண் நன்றாக வந்தால் அன்றைக்கே மலைக்கு மாற்றிவிடு. வராவிட்டால் அதை எனக்கு அப்படியே சொல், அப்போது ஏரிக்கு வா, கட்டில் தயாராக இருக்கிறது. ஆனால் எண் நன்றாக வந்தும், அம்மா தனியாக இருக்கிறாள், திரைச்சீலையெல்லாம் துவைத்துவிட்டாள் பாவம் என்று ஏரிக்கு வந்து நின்றாயானால் கதவைத் திறக்க மாட்டேன். திறப்பேன், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்றால் நான் ரயில் ஏறி வர வேண்டியதுதானே, முழங்கால் ஒன்றுதானே தகராறு செய்கிறது.

ஃபேனை வெளியே எடுத்துத் துடைத்து முன்னறையில் வைத்துவிட்டேன், தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, இது ரிப்பேர்னு சொன்னீங்க?" என்றாள். பொய்தான் சொன்னேன் என்றேன். அவள் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் போனாள், இனி தெருவுக்கே தெரிந்துவிடும், தெரியட்டும். அண்ணனுக்கும் ஒரு வரி எழுது, மகளுக்குக் கண்ணாடி வந்ததில் அவன்தான் அதிகமாக அழுகிறான். வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் காலுக்கும் நெஞ்சுக்கும் குறையில்லாத பலத்தைக் கொடுக்கட்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். மலை உச்சிக்குப் போனால் வியர்த்த உடம்போடு காற்றில் நன்றாக நில், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இறங்கும்போது மட்டும் மறக்காதே. இந்த உறைக்குள் இன்றைய செய்தித்தாளில் ஒரு முழுத்தாளை மடித்து வைத்திருக்கிறேன். அது படிப்பதற்கல்ல.

உன் அம்மா