பிரேக் டப்பாவுக்கும் டர்போவுக்கும் நாலு விரல்

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்னே மழை. ஒர்க்‌ஷாப் கூரைத் தகரத்தில் ஓட்டை இரண்டு. ஒன்று சரியாக என் நாற்காலிக்கு மேலே. வழுக்கைக்கும் தண்ணீருக்கும் என்ன உறவோ.

மச்சினன் வில்சன் எட்டு மணிக்கே ஆஜர். வளைகுடாவில் கம்பெனியைப் பூட்டி இவனை அனுப்பி ஆறு மாதம். ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் பால்பொடியும் தைலமும் கொண்டுவருவார்கள். இவன் கொண்டுவந்தது எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற ஒரு டர்போவும், அதை எஞ்சினோடு பிணைக்கிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும். என் பதினாலு வயசுக் காரில் மாட்டவேண்டும். சனிக்கிழமை மார்த்தாண்டத்துப் பல் டாக்டர் ஏறிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் அவர் காரும் அவர் கூட்டாளிகள் மூவர் காரும் டர்போ மாட்ட எங்களிடம் வரும். வில்சன் ஊரிலேயே இருந்துவிடுவான்.

பிடிக்காவிட்டால் பாலைவனத்தில் ஏதோ முகாமில் ஸ்டோர் வேலை. அடுத்த திங்கள் ஏஜென்ட் கையில் பாஸ்போர்ட்.

மாட்டினோம். டர்போ போய் உட்கார்ந்த இடம், பிரேக் ஆயில் டப்பாவுக்கு நாலு விரல் கீழே. ஸ்டியரிங் கம்பிக்கு ஒரு விரல்.

வளைகுடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம். அவர்கள் காரில் இந்த மூலை காலி. நம் காரில் உள்ள முக்கியமான சாமான் எல்லாம் இந்த மூலையில்தான். வாங்கும் முன்னால் அவன் போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தான். "அதே எஞ்சின்தான், வாங்கு" என்று பதில் போட்ட மேதை நான். போட்டோவை இன்று மறுபடி பார்த்தேன். ஓரத்தில் ஸ்டியரிங் அழகாகத் தெரிகிறது.

"எனக்க தப்பு அத்தான், நான் நோக்கேல்ல" என்றான். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு, கொஞ்சம் முறுக்கிப் பார்த்தோம். டர்போ செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்தது. அழகுதான். மேலே பிரேக் டப்பாவின் பிளாஸ்டிக் அல்வா மாதிரி தளர்ந்து ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

இடம் மாற்ற யோசனைகள்:

1. மேனிஃபோல்டைத் தலைகீழாக மாட்டுவது. டர்போ கீழே போய் ஆக்ஸிலில் இடிக்கும். தவிர, டர்போவிலிருந்து எண்ணெய் கீழ்நோக்கி வடிந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். என் பேச்சைக் கேட்டு எண்ணெய் மேலே ஏறாது.

2. காரின் பின்னால், அடியில். நீளக் குழாய், தனி ஆயில் பம்ப். அருமனை ரோட்டுப் பள்ளங்களுக்கு முதல் காணிக்கை.

3. மேனிஃபோல்டை வெட்டித் திருப்பி வெல்டு வைப்பது. நாளை.

டப்பா புதிது வாங்க மார்த்தாண்டம் போனேன். கடைக்காரர், "வேய், போன மாசந்தானே புதுசு கொண்டு போனீரு? திங்கீரா?" என்றார்.

ஜூன் 11, புதன்

மழை. ரப்பர் பால் வெட்டு இல்லாததால் ஊரில் பாதிப் பேர் என் ஒர்க்‌ஷாப் வாசலில். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் நனைந்த சாக்கு போர்த்தச் சொன்னார். ஒருவர் ஜெபிக்கச் சொன்னார். இரண்டாவதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன்.

வெல்டர் தங்கராஜ் வந்து மேனிஃபோல்டைத் தட்டிப் பார்த்தான்.

"வார்ப்பிரும்பு கேட்டியா. வச்சா பிடிக்கும். ஆறும்போ வெட்டும். நான் பொறுப்பில்ல ஓய்."

"நீ எதுக்குத்தாம்லே பொறுப்பு?"

"என் பெண்டாட்டியும் இதத்தான் கேக்கா."

முழுசாக வெட்டாமல், ஓரத்தில் சின்னதாக வைத்துப் பரீட்சை பார்த்தான். ஆறும்போது 'டக்'. மயிரிழைக் கீறல். அதோடு விட்டோம். நல்லவேளை, ஓரம் மட்டும்தான்.

வில்சன் மத்தியானம் கொஞ்சநேரம் காணாமல் போய், வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து திரும்பினான். ரேஷன் கார்டில் பேரைத் திரும்பச் சேர்க்க மனு. நான் சிரித்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. ஊரில் தங்கப்போகிறவன் செய்கிற காரியம்.

ஜூன் 12, வியாழன்

இடத்தை மாற்ற முடியாது, சூட்டைத்தான் மறிக்கவேண்டும். கண்ணாடி நார்ப் பட்டையை டர்போக் குழாய்களைச் சுற்றிக் கட்டினோம். ராத்திரி வரை இருவருக்கும் அரிப்பு. ("அப்பனும் மாப்பிள்ளையுமாட்டு சொறியுதிய" என்றாள் என் மனைவி லில்லி. உறவு முறையே தப்பு. கோபத்தில் இருந்தாள்.)

கோபத்துக்குக் காரணம் வேறு. பட்டை மட்டும் போதாது, நடுவில் ஒரு தகடு வேண்டும், தகட்டுக்கு இரு பக்கமும் காற்று போகவேண்டும். கடையில் கிடைத்த தகடெல்லாம் பேப்பர் கனம். வீட்டில் அண்டா மூடி இருந்தது. கனமான அலுமினியம். கல்யாணச் சீர். அவள் ஜெபக்கூட்டம் போன நேரத்தில் வெட்டிவிட்டேன்.

"நாளைக்கு எனக்க தலையையும் வெட்டி எஞ்சினுக்கு வைங்க."

"அதுல சூடு கூடுதல் லில்லி, சரிப்படாது."

ராத்திரி சோறு நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. குலசேகரம் வரை ஓட்டம். போகப் போக நன்றாகவே இருக்கிறது! நிறுத்திய உடனே வில்சன் டப்பாவில் கை வைத்துப் பார்த்தான், வைக்க முடிந்தது. ஓடும்போது காற்று வந்து சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது.

நிறுத்தினால்தான் வில்லங்கம். காற்று நின்றுவிடும், டர்போவின் சூடெல்லாம் மேலே ஏறும். அதனால் விதி: நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடவேண்டும், நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து வைக்கவேண்டும். சாக்பீஸால் சுவரில் எழுதினான். நான் கீழே கையெழுத்துப் போட்டேன், விளையாட்டுக்கு.

திரும்பும் வழியில் வில்சன் மூன்று தடவை விசிலடித்தான். எண்ணினேன்.

ஜூன் 14, சனி

எழுதத்தான் வேண்டுமா. எழுதுகிறேன்.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. வில்சன் ஓட்ட, அவர் முன்னால், நான் பின்னால். பேச்சிப்பாறை ஏற்றத்தில் பஸ்ஸை ஒரே மூச்சில் தாண்டினான். "கொள்ளாமே!" என்று பாராட்டினார் டாக்டர்.

மேலே ஒரு சாயாக்கடை. "ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாமே" என்று சொன்னது யார்? நான்தான். அந்தக் கடைக்காரரின் மருமகன் ஓடிப்போன கதை எனக்குப் பாதிதான் தெரியும், மீதி வேண்டியிருந்தது.

வில்சன் இறங்கி பானெட்டில் கை வைத்தான். நான் கண்ணைக் காட்டினேன்: வேண்டாம். ஏனென்றால் அண்டா மூடியில் பேர் வெட்டியிருக்கிறது. புள்ளி புள்ளியாக, 'லில்லி கல்யாணத்துக்கு அன்புடன் குடும்பத்தார்'. மாட்டும்போது எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்ப மறந்தேன். நாலு கார் கொடுக்கப்போகிறவர் முன்னால் சமையல்கட்டைத் திறந்து காட்டுவதா?

வில்சன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

பத்து நிமிடம். மருமகன் எர்ணாகுளத்தில் இருக்கிறானாம்.

இறக்கத்தில் இரண்டாவது வளைவில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. காற்றை மிதித்தால் கார் எப்படி நிற்கும்? வில்சன் ஒன்றும் கத்தவில்லை. கியரைக் குறைத்தான், கைபிரேக்கை இழுத்தான், ரப்பர் தோட்டத்து மண்திட்டில் இடப்பக்கத்தை உரசி உரசி நிறுத்தினான். மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்று கண்ணாடியில் வந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. டாக்டரின் பல்லைப் பற்றிக் கேட்டேன், எல்லாம் இருக்கிறதாம்.

டாக்டரே இறங்கிப் பானெட்டைத் திறந்தார். ஆவி. குனிந்து சத்தமாக வாசித்தார்: "'லில்லி கல்யாணத்துக்கு அன்புடன்...' இது என்ன பார்ட் அண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வில்சன் சொன்னான்: "தப்பு எனக்கதாக்கும் டாக்டரே. நிறுத்தினதும் பானெட்ட தொறக்கணும். நான் மறந்தேன்."

நான் மறுக்கவில்லை. டாக்டர் பஸ்ஸில் போனார். வெள்ளை ஷூ முழுக்கச் செம்மண்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் பின்வரிசை. ஃபாதர் எதைப் பற்றிப் பேசினாரென்று தெரியாது.

வில்சன் பூசை முடிந்து நேரே ஒர்க்‌ஷாப் வந்து டர்போவைக் கழற்றினான். பழைய மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டினான். நட்டு ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து. எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"லே, டாக்டர்ட்ட நான் போய்ச் சொல்லட்டா? நாந்தான் தொறக்காண்டாம்னு..."

"எதுக்கு அத்தான். உங்களுக்குக் கடை இங்கதானே இருக்கு, பேரு கெடக்கூடாது."

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

வெயில். மார்த்தாண்டம், ஏஜென்ட் ஆபீஸ். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். முன்கூட்டி உடம்பைப் பார்க்கவேண்டுமென்று மாடியில் லேபுக்கு அனுப்பினார்கள்.

வரிசையில் நிற்கும்போது நான் வேண்டிக்கொண்டது: அவனுக்குச் சர்க்கரை இருக்கவேண்டும். கொஞ்சமாக. உயிருக்கு ஒன்றும் வராமல், விசா மட்டும் போகிற அளவுக்கு.

சர்க்கரை சரி. பிரஷர் சரி. நெஞ்சுப் படம் சரி. நர்ஸ், "இண்ணைக்கு வந்ததுல நீங்க ஒராளுதான் எல்லாம் நார்மல்" என்று பாராட்டினாள்.

சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன் என்று பிரஷர் பார்க்க நானும் கையை நீட்டினேன். நூற்றெழுபது. நர்ஸ் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். அப்போதும் நூற்றெழுபது.

"அத்தான், உங்கள ஒரு நாட்டுலயும் எடுக்க மாட்டாவ" என்று வில்சன் சிரித்தான். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

இருபத்தாறாம் தேதி டிக்கெட். வீட்டில் லில்லியிடம் தேதியைச் சொன்னேன். எத்தனை மணி என்று கேட்டாள். அதைக் கேட்டுவர மறந்துவிட்டேன்.