ஆறு மணிப் பூசைக் கலியாணம்

ஜூன் 7, சனி

எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸப் குழுவைச் சத்தம் வராமல் ஆக்கினேன். விடிவதற்குள், என்னோடு மறைக்கல்வி எடுக்கும் வின்சன்ட் மாஸ்டரின் நான்கு குரல்பதிவுகள். எல்லாம் கற்பைப் பற்றி. பல் துலக்குமுன் பேசக்கூடாத விஷயம் என்று எதுவுமே இல்லையா இந்த மனிதருக்கு?

பிற்பகல் பங்கு மண்டபத்தில் இளையோர் வகுப்பு. நான் இயற்கைச் சட்டம் எடுத்தேன். நன்மை எது என்று மனிதப் புத்தியே கண்டுகொள்ளும். வாயால் பொய் சொல்லலாகாது, உடலாலும் சொல்லலாகாது. தன்னை முழுதாகக் கொடுக்காமல் கொடுத்ததுபோல் நடப்பதும் பொய்தான். இதை நான் நம்புகிறேன். ஒப்புக்குச் சொல்வதில்லை.

பிறகு மாஸ்டர் எழுந்தார். ஆண்பிள்ளைகளைத் தேநீருக்கு அனுப்பிவிட்டு, பெண்பிள்ளைகளிடம் சட்டைக்கையின் நீளம் பற்றி முக்கால் மணி நேரம். அவருடைய இயற்கைச் சட்டம் முழங்கையோடு முடிந்துவிடுகிறது. பையன்கள் வெளியே நின்று ரோல்ஸ் தின்றார்கள்.

ஜூன் 9, திங்கள்

என் அண்ணன் ரொனி, மகன் ஜொனியையும் கூட்டிக்கொண்டு குண்டசாலைக்கு என் வீட்டுக்கு வந்தார். அவன் செய்த காரியத்தைச் சொல்லத்தான். நடாஷா மூன்று மாதம். என் வகுப்புப் பிள்ளை. ஃபாமசியில் வேலை செய்கிறாள்.

"மானம் போறதுக்குள்ள முடிச்சிரணும் தங்கச்சி."

ஜொனி கதிரையில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரே ஒருமுறை தலையை நிமிர்த்தினான்.

"அத்தை, கேக் ஏதும் இருக்கா?"

கொடுத்தேன். என் கை என்னைக் கேட்டா செய்கிறது.

ஜூன் 11, புதன்

பங்குச் சபை கூடியது. நடாஷாவுக்குச் சனி மாலைக் கலியாணம் கிடையாது. ஜூலை முதலாம் திகதி, செவ்வாய், காலை ஆறு மணிப் பூசையில். பாட்டு இல்லை, வெள்ளைச் சேலை இல்லை, தலையில் நெட் இல்லை. வயிற்றோடு வரும் பெண்ணுக்கு இங்கே அதுதான் வழக்கமாம். ஜொனி மட்டும் ஞாயிறு தோறும் பாடகர் குழுவில் பாடலாம்.

"பாவம் ரெண்டு பேருடையது. தண்டனை ஏன் ஒருத்திக்கு?" என்றேன்.

"டீச்சர், வெளிய தெரியிறது அவளுக்குத்தானே," என்றார் மாஸ்டர். "பையன்ட குரல் இன்னும் கெட்டுப்போகலையே!"

சிரித்தார்கள். ஆக, குற்றம் செய்ததில் இல்லை, தெரிவதில். இயற்கைச் சட்டம் எழுதிய அக்குவினாஸைக் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சபை.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கும் கலியாண ஓலையில் முதலாவதை வாசித்தார்கள். ‘இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.’ எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடாஷா வரவில்லை.

ஜூன் 18, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நடாஷா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். எனக்காகத்தான்.

"டீச்சர், எனக்கு ஜொனிய கட்ட வேணாம்."

ஏனென்று கேட்டேன். செய்தி சொன்ன அன்றைக்கு அவன் சொன்னானாம், ‘என்னுதுன்னு எப்படித் தெரியும்?’ என்று. தகப்பன் அடித்த பிறகு சம்மதித்திருக்கிறான்.

"புள்ளைய நான் பெத்துக்குவேன் டீச்சர். அவன்தான் வேணாம். கட்டாட்டி வாசல மிதிக்காதன்னு சொல்லுறாங்க அம்மா."

திருமண விசாரணையில் பெண்ணைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும், சுயவிருப்பத்தோடு வந்தாயா என்று. ஃபாதர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் அவள் அம்மா றேணுகா. பிள்ளை பயப்படுகிறாள் என்று மாஸ்டர்தான் கதிரை போட்டு உட்கார வைத்தாராம். எவ்வளவு கரிசனை! அவள் தலையாட்டிவிட்டாள்.

"நீங்க ஃபாதர்கிட்ட சொல்லுங்க டீச்சர்."

பார்ப்போம் என்றேன். எதைப் பார்ப்பேன்?

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஜொனி தனியாக ஒரு பாட்டுப் பாடினான். நன்றாகத்தான் பாடினான், நாசமாய்ப் போனவன்.

ஜூன் 24, செவ்வாய்

மாஸ்டரிடம் பேசிப் பார்த்தேன்.

"விருப்பமா? இந்த நிலைமையிலயா? அதெல்லாம் முன்னுக்கே யோசிச்சிருக்கணும். கலியாணம் கட்டாத டீச்சருக்கு இது விளங்காது."

எனக்கா விளங்காது! அட பாவி, சம்மதமில்லாத இடத்தில் கலியாணமே இல்லை — நீ பாடம் எடுக்கும் அதே சட்டம்தானே சொல்கிறது? சட்டைக்கையை அளந்தாயே, இதை அளந்தாயா?

பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது. வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் மிரட்டி வாங்கிய ‘ஆம்’ தகப்பனைத் தராது. பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து அந்தப் பிள்ளையை முழு உடம்பாலும் பொய் சொல்ல வைக்கிறார்கள். அதற்குப் பெயர் ஒழுக்கமாம்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன்.

"நீ குறுக்க வந்தியோ, எனக்குத் தங்கச்சியே இல்ல. செத்தாலும் வராத." அண்ணி கதவைச் சாத்தினார். அம்மா அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அந்த ஒரு வீடு. அதுவும் அவருக்குத் தெரியும்.

ஜூன் 26, வியாழன்

மாஸ்டரின் குரல்பதிவு: ‘இளம் பெண்களும் கீழ்ப்படிதலும்.’ கேட்காமலே அழித்தேன்.

ஜூன் 28, சனி

வகுப்புக்கு நடாஷா வரவில்லை. ஜொனி வந்திருந்தான். மாஸ்டர் அவன் தோளில் கை போட்டு, ‘பொறுப்பு எடுக்கிற ஆம்பள’ என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தட்டாமல் இருந்தால் போதுமா?

நாளை மூன்றாம் ஓலை. பூசைக்கு முன் ஃபாதரைத் தனியே பிடித்து, அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லப்போகிறேன். அவளை மறுபடி, அம்மா இல்லாமல், கேட்கச் சொல்வேன். அவர் தட்டிக்கழித்தால் ஓலை வாசிக்கும்போது எழுந்து நிற்பேன். முன் வரிசை வாங்கில் அண்ணன் இருப்பார். இருக்கட்டும்.

பின் அறைக் கட்டிலில் குவிந்து கிடந்த பரீட்சைத் தாள்களை இறக்கிவிட்டுப் புது விரிப்புப் போட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நடாஷாவிடமும்.