பெரட்டும் பிரம்புக் கூடையும்

கோலா சாவா
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் ஜெனவீவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முட்டி மட்டும் நலமில்லை, அது எப்போது நலமாக இருந்தது. அங்கே சரவாக்கில் ஆற்றுத் தண்ணீரும் ஓயாத மழையும் உனக்கு ஒத்துக்கொண்டு நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறேன். வியாழக்கிழமை காலை மூன்று தடவை போன் அடித்தும் நான் எடுக்கவில்லை என்று பயந்துபோய் பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்கு அடித்துக் கேட்டாயாம், அவள் வந்து சொன்னாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைப் போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், நானும் சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம். இதில் என் பெருமையும் இருக்கிறது, நான் பட்ட வெட்கமும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படி.

மார்ச் மாதம் நீ போனில் அழுதாயே, நினைவிருக்கிறதா? பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்காமல் வெளியே ஓடவிடுகிறாய், பள்ளிக்கூடத்து டேப்லெட்டைச் சேற்றுக்குக் கொண்டுபோகிறாய் என்று அங்கே சில பெற்றோர் உன் பேரில் புகார் எழுதிவிட்டார்கள் என்றாய். அன்றைக்கு நான் அந்த அம்மாக்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். “அறிவு கெட்ட ஜென்மங்க, புள்ள ஓடுனா இவங்களுக்கு எங்க வலிக்குது” என்று கத்தினேன். நீயோ, எதற்கு வம்பு மா, இனிமேல் எல்லாரையும் போல உட்கார வைத்தே பாடம் நடத்திவிட்டுப் போகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். வகுப்பில் நீ அப்படி என்னதான் செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் “ஸ்கூல் ஓகேலா மா” என்று ஒரே பதில். சரி, அதை அப்படியே மனதில் வைத்துக்கொள், இங்கே நடந்ததற்கு வருகிறேன்.

நம் தோட்டப் பள்ளிக்கு இந்த வருடத் தொடக்கத்தில் யாரோ நல்லவர்கள் பன்னிரண்டு டேப்லெட் கொடுத்தார்கள். மொத்தமே நாற்பத்தோரு பிள்ளைகள் படிக்கிற பள்ளி, அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எனக்கு ஓட்டு கிடையாது, கேண்டீன்காரி என்ற முறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கூட்டத்தில் என் சத்தம்தான் பெரிது என்பது உனக்குத் தெரியும். கண்ணாடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கவே கூடாது என்று எழுந்து நின்று சொன்னேன். நம் வீட்டு சோபாவுக்குத் தைத்த அதே பூப்போட்ட துணியில் பன்னிரண்டுக்கும் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், மணி அடித்தால் உறையைப் போட்டு இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பள்ளிக்கூடம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த மூன்று மாதமும் கேண்டீனில் நான் வறுத்து வைக்கிற மீஹூன் சேமியா பாதிக்குப் பாதி மிஞ்சியது. பிள்ளைகள் இரண்டு வாய் தின்றுவிட்டு “போதும் பாட்டி” என்று தட்டைத் தள்ளினார்கள். என் கைப்பக்குவம்தான் போய்விட்டது என்று கவலைப்பட்டு சம்பலில் புளியைக் குறைத்து அன்னாசி போட ஆரம்பித்தேன்.

ஏப்ரலில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குக் கெல்வின் சார் மாற்றலாகி வந்தார். ரந்தாவ்காரர், வயது முப்பதுகூட இருக்காது. வந்த வாரமே என் உறைகளையெல்லாம் கழற்றி, அழகாக மடித்து, நன்றி சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவே எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் பார்த்தால் செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு மொத்த வகுப்பும் வேலிக்குப் பின்னால் ரப்பர் பால்மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு பிள்ளை மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அளக்கிறது, ஒன்று அளவைக் கத்திச் சொல்கிறது, இன்னொன்று அடுத்த மரத்துக்கு ஓடுகிறது, ஒட்டுப்பால் பிசுபிசுக்கிற கையோடு ஒன்று டேப்லெட்டில் எழுதுகிறது. மாரியம்மா பேத்தி கவினேஸ்வரி வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து எறும்பைப் படம் பிடிக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று சாயங்காலமே ஒரு தாளை எடுத்து, டேப்லெட்டை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகளை உட்கார வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று எழுதி முதல் கையெழுத்தை நானே போட்டேன். வீடு வீடாகப் போய் இன்னும் பதினெட்டு கையெழுத்து வாங்கினேன். மாரியம்மாதான் தயங்கினாள், “இப்பத்தான் புள்ள படுத்தவுடனே தூங்குதுக்கா” என்றாள், அவளையும் நான் விடவில்லை. உன் அப்பா நாற்காலியை விட்டு எழாமல், போனிலிருந்து கண்ணையும் எடுக்காமல், “வேணாம் அந்தோனி, அந்தப் பையன் நல்லாத்தான் செய்றான்” என்று என்னைத் தடுத்தார். பொழுது விடிந்தால் யூடியூபில் எவனோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று அதையும் காதில் வாங்கவில்லை. மார்ச்சில் என் வாயால் ஏசியது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை ஜெனி. இதில் இன்னொரு கூத்து, அதே வாரங்களில் செவ்வாயும் வியாழனும் என் குண்டானில் ஒரு நூல் மீஹூன் மிஞ்சவில்லை, இரண்டாம் தட்டு கேட்டு வரிசையில் நின்றார்கள். அன்னாசி வேலை செய்கிறது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைமையாசிரியை ஆனந்தவல்லி டீச்சர் என் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, அவர்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் நிதானமாக, “சார் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம். பெற்றோர் வேண்டாமெண்டால் திங்கக்கிழமையோட நிப்பாட்டுவம்” என்றார். கெல்வின் சார் எழுந்து, இது என் சொந்த யோசனை இல்லை, ஆசிரியர்களுக்கான டெலிகிராம் குழுவில் ஒரு டீச்சர் போன வருடம் போட்ட வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, அதை நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சுவரில் ஓடவிட்டார். ஆற்றங்கரையில் பூட்ஸ் போட்ட பிள்ளைகள் முதுகைக் காட்டி வரிசையாக நிற்கிறார்கள், ஒரு முகமும் தெரியவில்லை. பிள்ளைகளின் முகத்தை இன்டர்நெட்டில் போடக்கூடாது என்பது அந்த டீச்சரின் சட்டம் என்றார். வரிசைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் பெயர் வாசிக்கிறாள். கூப்பிட்ட பிள்ளை ஒரு அடி முன்னால் வந்து தான் எதைத் தேடப் போகிறேன் என்று சொன்னால்தான் அதற்கு ஓர் இடம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. டேப்லெட் எல்லாம் ஒரு பிரம்புக் கூடையில் இருக்கிறது, நாலு பிள்ளைக்கு ஒன்று. முதலில் ஓடிப் பார்த்து, தொட்டு, அளந்துவிட்டு வந்தவர் கைக்குத்தான் அது போகும், எழுதி முடித்ததும் திரும்பக் கூடைக்கு வந்துவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் “ஏய், இது நம்ம பெரட்டு லா!” என்று கத்தினார். மண்டபமே சிரித்தது. விடியற்காலை மண்டோர் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து ஆளுக்கொரு நிரை மரம் பிரித்து விடுவாரே, அச்சு அசலாக அதேதான். அந்த நேரம் பார்த்து வீடியோவில் ஒரு குரல், “காக்கி டுலு, ஸ்கிரின் கெமுடியான்” என்றது. கால் முதலில், திரை அப்புறம். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா! பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து “பாய்க், சிக்கு ஜெனவீவ்!” என்று கத்தின, சரி ஜெனவீவ் டீச்சர் என்று.

உன் அப்பா, இருபத்திரண்டு வருடம் இந்தத் தோட்டத்தில் பெரட்டுக்குப் பெயர் வாசித்த ஜார்ஜ் மண்டோர், முட்டி வலியையும் மறந்து எழுந்து நின்று “அது எம்புள்ள” என்றார். எனக்கு அழுகை ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம், அந்தக் கடிதத்தைப் பிடுங்கித் தின்றுவிடலாமா என்ற வெட்கம் ஒரு பக்கம். நான் எழுந்து போய் டீச்சர் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, “மொத கையெழுத்து என்னோடது, மொதல்ல அடிக்கிறதும் நான்தான்” என்று சொல்லி என் பெயரை அடித்தேன். அதோடு நிற்கவில்லை, மீஹூன் தீர்ந்துபோனது என் அன்னாசியால் இல்லை, பிள்ளைகள் ஓடிவிட்டுப் பசியோடு வந்ததால்தான் என்பதையும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். மாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தபடி வந்து அடுத்த பெயரை அடித்தாள், ஒவ்வொருவராக வந்து பத்தொன்பதையும் அடித்து முடித்தார்கள். ஆனந்தவல்லி டீச்சர் லேசுப்பட்டவரா, என்னைப் பார்த்து, “அப்ப வியாழக்கிழமையில கூடைய நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டார்.

இப்போது வியாழன் காலையில் கேண்டீனை எனக்கு உதவிக்கு வருகிற வள்ளியம்மாவிடம் விட்டுவிட்டு நான் பால்மரத்தடியில் கூடையோடு நிற்கிறேன். முதல் நாள் ஒரு பையன் வந்து, “பாட்டி, ஒங்க கைய படம் புடிக்கலாமா, ரேகைய எண்ணணும்” என்று கேட்டான். ஆளைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதும் நீ போட்ட சட்டம்தானாம். சோதித்துப் பார்க்கலாம் என்று வேண்டாம் என்றேன். “சரி பாட்டி” என்று டேப்லெட்டைத் தாழ்த்திக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டான், ஒரு முணுமுணுப்புகூட இல்லை. நான்தான் பின்னாலேயே ஓடிப்போய் கையை நீட்டினேன். நான் பெற்ற பிள்ளை எங்கோ ஆற்றங்கரையில் நின்று சொன்னது இங்கே ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்குப் பழக்கமாகியிருக்கிறதே என்று நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது ஜெனி. இதை நீ எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நீ உட்கார வைத்தே பாடம் நடத்தப் போகிறேன் என்றாயே, அதை விட்டுவிடு, உனக்குப் பிடித்ததைச் செய். அங்கே உன் பேரில் எழுதிய அம்மாக்களைக் கோபிக்காதே. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நான் எப்படிப் பயந்தேனோ அப்படித்தான் பயந்திருப்பார்கள். அவர்களில் யார் முதல் கையெழுத்துப் போட்டது என்று விசாரித்து, அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கூடையைக் கையில் கொடு. மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பெரட்டில் கவினேஸ்வரிதான் மண்டோர். எல்லார் பெயரையும் வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, “பாட்டி, ஒங்க போனும் கூடைக்குத்தான்” என்றாள். போட்டேன். ஒன்பதரைக்கு நீ அடிக்க ஆரம்பித்தாய், கூடைக்குள் உன் பெயர் எரிந்து எரிந்து அணைந்தது. நான் கையை நீட்டியதும் அந்தக் குட்டி மண்டோர் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அப்படியே கையை இழுத்துக்கொண்டேன். உன் சட்டம் மகளே, உன் போனுக்குக்கூட விலக்கு கிடையாது.

பார்சலில் சம்பல் போத்தல் இரண்டு இருக்கிறது, ஒன்று அந்தக் கூடைக்கார அம்மாவுக்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, பூட்ஸை உதறிவிட்டுப் போடு. தேவதாய் உன்னையும் உன் வகுப்புப் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொரு பிள்ளையும் உன் பெயரைச் சொல்லட்டும். வியாழக்கிழமை மட்டும் பத்து மணிக்கு மேல் அடி.

என்றும் உன் அம்மா,
அந்தோனியம்மாள்

அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்: சாப்பிடும்போது அவர் போனையும் இப்போது நான் கூடையில் வாங்கி வைத்துவிடுகிறேனாம், நீதான் நியாயம் கேட்க வேண்டுமாம்.