இரண்டாம் சாரதி

21 மே 2024, செவ்வாய்

இன்று ஒரு கிழவர் தன் காராஜுக் கதவைத் தானே காரால் இடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் "காற்று" என்று எழுதி அனுப்பியிருந்தார். காப்புறுதி நிறுவனத்தில் பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. பொய்யைப் படித்துப் படித்தே கண்ணாடி போட வேண்டி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் காப்புறுதிச் சண்டை. என் கணவர் கஜனின் அண்ணையின் மகள் துவாரகாவுக்கு யூலையில் நியூ ஜேர்சியில் கல்யாணம். நாங்கள் மூன்று பேரும் போகிறோம், ஒரு வாரத்துக்கு வாடகைக் கார் வேண்டும். எல்லாக் காப்பும் சேர்ந்த விலைக்கு இங்கேயே ஒன்று பார்த்து வைத்திருந்தேன். துவாரகாவின் தகப்பன், எனக்கு அத்தான், போனில் சொன்னார், "உதெல்லாம் சுத்துமாத்து. நான் இஞ்சை போட்டுத் தாறன், வெறுங்காரை எடுங்கோ." இவர் உடனே, "ஓம் அண்ணை."

பொறுமையாகத்தான் விளக்கினேன். எங்கள் டெனிஷ் கார்க் காப்புறுதி கடல் தாண்டாது. பயணக் காப்புறுதி எங்கள் எலும்பைப் பார்க்கும், நாங்கள் இடித்தவரின் எலும்பைப் பார்க்காது. வாடகைக் காருக்குச் சேதம் வந்தால் அதற்கு ஒரு காப்பு, மற்றவருக்குக் காயம் வந்தால் அதற்கு வேறொரு காப்பு. இரண்டாவது இல்லாமல் அந்த நாட்டில் சக்கரத்தைத் தொடக்கூடாது.

"நீ போன் எடுக்கிற வேலை செய்யிறனி. அண்ணை அங்கை இருபத்தெட்டு வருசமா ஓடுறார்," என்றார் கஜன். மகள் சாருஜா சிரித்தாள். பதினைந்து வயது. யார் வெல்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து சிரிக்கிற வயது.

3 யூலை 2024, புதன்

விமான நிலைய வாடகைக் கவுண்டர். அந்தப் பெண் ஒவ்வொரு காப்பாக வாசித்துக் கேட்டாள். கஜன் எல்லாவற்றுக்கும் "நோ, நோ" என்று தலையாட்டினார். நான் என் கார்டை நீட்டி இரண்டை எடுத்தேன்: காருக்கு வரும் சேதத்துக்கும், மற்றவருக்கு வரும் காயத்துக்கும். கஜன் முதல் சாரதி. இரண்டாம் சாரதியாக என் பெயரையும் போடச் சொன்னேன். பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் இந்தக் காப்பு எதுவும் செல்லாது என்று அவள் விரல் வைத்துக் காட்டினாள். கஜனுக்கும்தான் காட்டினாள். அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் தொடங்கினார். "என்ர அண்ணையை மடையன் ஆக்கிப்போட்டாய். அவருக்குச் சொல்லிப்போடாதை." சொல்லவில்லை. என்ன எடுத்தேன் என்று என் பெட்டியில் கிடக்கும் பத்திரத்துக்குத் தெரியும், அது போதும்.

7 யூலை 2024, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேணும்.

காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் இருந்தோம். ஆரத்தித் தட்டுகள் அத்தான் வீட்டிலேயே விடுபட்டுப் போயின. நான் காரில் போய் எடுத்து வருகிறேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்றார்கள். அத்தான் அவர்களைப் பார்த்தார், பிறகு கஜனிடம் கையை நீட்டினார், "சாவியைத் தா."

நான் கஜனின் காதுக்குள் சொன்னேன், அத்தானின் பேர் பத்திரத்தில் இல்லை. "பொம்பிளையின்ர தேப்பன் பக்கத்தில இருக்க, நீ ஓடுறதோ? சனம் என்ன சொல்லும்?" என்றவர் சாவியைக் கொடுத்தார். தம்பி அண்ணையிடம் லைசன்ஸ் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்திருந்தால்!

நானும் அத்தானோடு ஏறிப் போனேன், திரும்பி வரும்போது என் மடியில் தட்டுகள். சிவப்பு விளக்கில் நிற்காமலே வலப்பக்கம் திரும்பினார். பாதசாரிக் கடவையில் ஒரு கிழவர், கையில் பால் கலன். சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் பயங்கரம்.

அத்தான் இறங்கி முதலில் பார்த்தது பம்பரை. பிறகு என்னை. "கிருசா, இஞ்சாலை மாறி இரு. என்ர லைசன்ஸை மாசி மாசம் பறிச்சிட்டாங்கள்." குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "பிள்ளையின்ர கழுத்தில தாலி ஏற இன்னும் ரெண்டு மணித்தியாலம். என்னை விலங்கு போட்டுக் கொண்டுபோவாங்கள்."

கஜனுக்குப் போன் போட்டார். கஜன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை சொல்றதைச் செய். உன்ர பேர் இருக்குத்தானே? நீதானே அந்தக் காப்புறுதியை வாங்கினனி?"

ஓம். நான்தான் வாங்கினேன். என் கெட்டித்தனத்துக்கு நானே ரசீதும் வைத்திருக்கிறேன்.

இடம் மாறி இருந்தேன். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீற்றை முன்னுக்கு இழுத்துச் சரிசெய்தேன். இவ்வளவும் நாங்கள் பேசி முடிக்கும்வரை அந்த மனிசன் வீதியில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "என் கண்ணாடி எங்கே?" என்று கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். உடைந்திருந்தது.

பொலிஸ் வந்தது. யார் ஓட்டியது? நான்தான் என்றேன்.

பத்தரைக்குத் தாலி ஏறியது. அத்தான் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு அழுதார். எல்லோருக்கும் மனம் உருகியது.

8 யூலை 2024

கஜன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "தட்டில வாழைப்பழம் ஏன் நசிஞ்சிருந்தது?"

19 ஓகஸ்ட் 2024, திங்கள்

சட்டத்தரணியின் கடிதம் வந்துவிட்டது. அந்த மனிசனுக்கு எழுபத்தொரு வயது. இடுப்பெலும்பு முறிந்து, இனிப் பிடித்து நடக்கும் தாங்கி இல்லாமல் நடக்க மாட்டாராம். அவரைக் கவனிக்க வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. வழக்கு என் பெயரில்.

காப்புறுதி பொறுப்பெடுத்திருக்கிறது. நான் ஓட்டியதாக இருக்கும்வரை பொறுப்பெடுக்கும். இனி உண்மையைச் சொன்னால், இதுவரை நான் சொன்னது காப்புறுதி மோசடி என்றாகும். அப்படிச் செய்தவளை எங்கள் நிறுவனம் ஒரு மணித்தியாலமும் வைத்திருக்காது. இப்படிப்பட்டவர்களின் கோப்புகளில் நானே சிவப்புக் குறி போட்டிருக்கிறேன், இரக்கமில்லாமல்.

சாருஜாவுக்குச் சொல்லட்டா என்று கஜனிடம் கேட்டேன். "விசரே? அவள் சிநேகிதியளிட்டைச் சொல்லிப்போடுவாள்." அவளும் நான்தான் இடித்தேன் என்று நம்புகிறாள். ஒரு மாதமாக என்னோடு காரில் ஏறினால் கைபிடியைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இவள் நினைப்பதுதான் பொறுக்க முடியவில்லை.

2 நவம்பர் 2024, சனி

ஹ்விடோவ்ரே ஊரில் ஒரு தமிழ் வீட்டுப் பிறந்தநாள். நாங்கள் போக முதலே கதை போய்விட்டது. சுசீலாதேவி அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "காப்புறுதியில வேலை செய்யிறவ, தன்ர கொம்பனிக்கு ஆள் பிடிக்கப் போனவவாக்கும்!" சிரிப்பு. கஜனும் சிரித்தார். சபைக்காகச் சிரித்தார் என்று நினைக்கப் பார்த்தேன். வாய்விட்டல்லவோ சிரித்தார்!

திரும்பும்போது சாவிக்குக் கை நீட்டினேன். "நான் ஓடுறன். நீ களைச்சுப் போனாய்," என்றார். களைக்கவில்லை என்றேன். அதற்குள் அவர் ஏறிவிட்டார்.

16 செப்டெம்பர் 2025, செவ்வாய்

பின்னேரம் மூன்று மணி, அமெரிக்காவில் காலை. கணினி முன் இருந்து சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தேன். இரண்டரை மணித்தியாலம். எத்தனை வேகம், எங்கே பார்த்தீர்கள், வெயில் கண்ணில் அடித்ததா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். பிரேக்கை எந்தக் காலால் மிதித்தேன் என்பதற்கும். ஒருமுறையாவது உண்மை வாய்வரை வந்ததா? வந்தது. வேலை, வீட்டுக் கடன், சாருஜாவின் படிப்பு. விழுங்கிவிட்டேன்.

கடைசியில் அந்தக் கிழவரின் சட்டத்தரணி கேட்டார், அவரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? மன்னிப்புக் கேட்டேன். வாக்குமூலம் முழுவதிலும் அது ஒன்றுதான் உண்மை.

கஜன் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதே? தேத்தண்ணி போடு."

18 ஒக்டோபர் 2025, சனி

வழக்கு சமரசமாகித் தீர்ந்துவிட்டது. அந்த நிம்மதியில் அத்தான் துவாரகாவையும் கூட்டிக்கொண்டு டோஸ்ட்ருப்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். லைசன்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மத்தியானச் சாப்பாடு. அவர் கேட்ட கணவாய்க் கறி வைத்திருந்தேன். பிறகு கடற்கரைக்குப் போகலாம் என்று கதை வந்தது. அத்தான் கையைக் கழுவிக்கொண்டே, "தம்பி, நீ ஓடு. கிருசா ஓடினா நான் நடந்து வாறன். எனக்கு ஒரு இடுப்புத்தானே இருக்கு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சாருஜாவும்.

அந்த மனிசனின் இடுப்பு. அவருக்கு அதுவும் பகிடி.

சொன்னேன். கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "இடிச்சது நீங்கள். லைசன்ஸ் இல்லாமல் ஓடி இடிச்சது நீங்கள். என்னை இடம் மாத்தி இருத்தினதும் நீங்கள்."

அத்தான் கோபப்படவில்லை, அங்கேதான் அவர் கெட்டிக்காரன். சோகமாகத் தலையை ஆட்டினார். "அந்த அதிர்ச்சி இன்னும் விடேல்லைப் போல, பிள்ளை." துவாரகா அழத் தொடங்கினாள். "என்ர கலியாண நாளிலை அப்பா உங்களுக்காகப் பொலிஸோடை கதைச்சவர், சித்தி. இப்ப அவரிலையே பழியைப் போடுறியளோ?"

நான் கஜனைப் பார்த்தேன். அண்ணை சொல்றதைச் செய் என்று அன்றைக்குப் போனில் சொன்ன வாய் இதே வாய்தான். "நான் அந்த இடத்தில நிக்கேல்லைத்தானே," என்றார். "அண்ணை ஒண்டு சொல்றார், நீ ஒண்டு சொல்றாய். நான் என்னத்தைச் சொல்ல?"

அப்போது சாருஜா டெனிஷில் கேட்டாள்; அந்த மொழியில் அம்மாவுக்கு 'மோர்'. அமைதியாகத்தான் கேட்டாள், "மோர், போன மாதம் சத்தியம் செய்து நீதான் ஓட்டியதாகச் சொன்னாய். அறைக்கு வெளியே நின்று நானே கேட்டேன். அப்போது பொய் சொன்னாயா, இப்போது பொய் சொல்கிறாயா?"

அப்போது என்றால் சத்தியம் செய்து பொய் சொன்ன தாய். இப்போது என்றால் புத்தி பிசகின விசர்த் தாய். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, வெளிக்கிடுங்கோ, இருட்ட முதல் போகலாம் என்றேன்.

19 ஒக்டோபர் 2025

அத்தானுக்கு மிச்சக் கணவாயைச் சூடாக்கிக் கொடுத்தேன். நல்ல ருசி என்றார்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

சாருஜா லைசன்ஸ் எடுத்துவிட்டாள், முதல் தடவையிலேயே. இங்கே பதினேழு வயதில் எடுத்தால் பதினெட்டு வரை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து வர வேண்டும். முப்பது வயது தாண்டியவராக, பத்து வருடமாவது ஓட்டியவராக. நான் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.

காலையில் முதல் ஓட்டத்துக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முன் சீற்றுக் கதவைத் திறந்தேன். சாருஜா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "மோர், அப்பா பக்கத்தில் இருக்கட்டும். குறை நினைக்காதே."

குறை நினைக்கவில்லை என்றேன். பின்னால் ஏறி பெல்ற் போட்டேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் எடுத்தாள்.