அப்பாவின் புயல்

நடிராவின் அப்பாவுக்கு,

நேற்று சிங்கப்பூரின் பழைய கம்போங் கிளாம் வட்டாரத்துக்கு மாணவர்களோடு வந்த பெற்றோரில் நானும் ஒருத்தி. நானும் நடிராவும் ஒரே குடையில் பின்னால் நின்றதால் நீங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லியிருப்பீர்களா?

மலாய்க்காரர்கள், கடலோடிகளான பூகிஸ் இனத்தார் வரலாறு சொல்லத்தான் பள்ளிக்கூடம் உங்களைக் கூப்பிட்டது. நீங்களோ பள்ளிவாசல் முன் நின்று, "எங்க அப்பா பூகிஸ் மாலுமி. இந்தோனேசியாவுல மக்காசார் துறைமுகத்துலேருந்து பாய்மரக் கப்பல்ல வரும்போது புயல். விடிய விடிய சோத்துப் பானையால தண்ணிய இறைச்சே கப்பலக் காப்பாத்தினாரு" என்றீர்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அது என் அப்பா. உங்கள் அப்பா தையல்கடை வைத்திருந்த ஜாவாக்காரர். அவருக்கு என்ன குறைச்சல்? என் அப்பா இதையே நம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னால், "கிழவர் ஆரம்பிச்சுட்டாரு" என்று டிவி சத்தத்தைக் கூட்டியது யார்? அவர் மௌத்தானபோது முகம் பார்க்கக்கூட நீங்கள் வரவில்லை.

நடிரா கை தூக்கினாள். நான் தடுக்கவில்லை.

"சார், உங்க அப்பாவ எங்க அடக்கம் பண்ணீங்க?"

பெற்ற மகள் உங்களை சார் என்றாள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, அடுத்த இடத்துக்குப் போவோம்" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடிரா, நீங்கள் விட்டுப்போன சட்டைகளையெல்லாம் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். நானும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

எடுக்க வரும்போது அவள் கேட்டதற்குப் பதிலோடு வாருங்கள். அந்த இடத்தை நான் சொல்லித் தர மாட்டேன்.

இன்றுவரை உங்கள் மனைவி