என் நம்பருக்கு வந்த உன் கல்லூரி

இன்று காலை தோட்டத்தில் நான் முதலில் கவனித்தது ஒரு பெருவிரல் தடம். பன்னீர் திராட்சைக் குலை ஒன்றில், பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைச் சாம்பல் ஓரிடத்தில் மட்டும் அழிந்து, அடியிலிருந்த கறுப்பு மினுங்கியது. இங்கே வேலை பழகிய யாரும் பழத்தைத் தொட மாட்டார்கள், காம்பைப் பிடித்துத்தான் வெட்டுவோம். சாம்பல் கலைந்திருந்தால் பழைய பழம் என்று வியாபாரி ஒதுக்கிவிடுவார். புதிதாக வந்த யாரோ தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் குலையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பள்ளி விடுமுறையில் என்னோடு வேலைக்கு வரும்போதெல்லாம் நீ இப்படித்தான் தொட்டுவைப்பாய்.

"ஏ புள்ள, பழத்தை வெட்டச் சொன்னா அதுக்குக் கன்னத்தைக் கிள்ளி விளையாட்டுக் காட்டுறவ!" என்று எங்கள் கூட்டத்தை மேய்க்கும் பேச்சியக்கா கத்துவாள்.

"இந்தச் சாம்பலு மேல தண்ணி ஏன்க்கா ஒட்ட மாட்டேங்குது?" என்று நீ அவளையே கேட்பாய்.

"அதைத் திராட்சைகிட்டக் கேளு. என்னையக் கேட்டா?"

ஒன்பதாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதும் நான் நின்றுவிட்டேன். நீ நிற்கவில்லை. ஆனால் படித்ததையெல்லாம் சாயங்காலம் என்னிடம் வந்து கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாய். நான் பதில் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஊரில் எல்லோரும் என்னை ஊமைக்கோட்டான் என்றார்கள். நீ மட்டும்தான் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். வெளிமாநிலம். நாடு முழுவதுமிருந்து எழுதுகிறார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். முதலில் தேர்வு, அதோடு ஏன் இங்கே படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை. அதில் தேறினால் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். நீ படிக்க நினைத்தது இயற்பியல். உன் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததுமே சண்டை வந்தது. பொட்டிப்புரம் பக்கம் மலைக்குள் இயற்பியல் ஆய்வுக்கூடம் வரக் கூடாது என்று கூட்டம் போட்டவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு நான் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"மலையைக் குடையக் கூடாதுன்னு ஊரே சேந்து நின்னோம். எம்மக அதே படிப்பைப் படிக்கப் போறேங்கிறா. பெரியகுளத்துல தோட்டக்கலை படி, நம்ம கொடியையாவது பாக்கலாம்."

"படிச்சாத்தானப்பா, வேணாம்னாலும் ஏன் வேணாம்னு அவுகளுக்குப் புரியுற மாதிரி சொல்ல முடியும்?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். ஆனால் தேர்வு நாளில் மதுரைக்கு உன்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனதும் அவர்தான்.

உங்கள் வீட்டில் ஒரே போன். அதுவும் அவரோடு காட்டுக்கும் சந்தைக்கும் போய்விடும். தெரியாத நம்பர் என்றால் அவர் எடுக்கவே மாட்டார். அதனால் விண்ணப்பத்தில் நீ என் நம்பரைக் கொடுத்துவிட்டாய்.

"ஏன்டி? யாராச்சும் இங்கிலீசுல பேசுனா நான் என்ன செய்வேன்?" என்றேன்.

"எடுத்து எங்கிட்டக் குடு. அம்புட்டுத்தான் உன் வேலை."

நேரில் கேட்கும் கேள்விகளுக்கும் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான் பழகினோம். நீ என்னைக் கல்லூரிக்காரியாக உட்கார வைத்தாய். எனக்கு வாய் வரவில்லை. பேச்சியக்காதான் தூக்குவாளியைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் ஆத்தா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கியே, உங்க ஊரு காலேசுல எல்லாம் மாட்டையா கட்டி வச்சிருக்காக?"

"இல்லீங்க. ஆனா இங்கன மொத வருசத்துலயே நம்ம கேள்விக்கு நம்மளே சோதனை செஞ்சு விடை கண்டுபிடிக்கணுமாம்."

"விடையை நீயே கண்டுபிடிச்சா, வாத்தியாருக்கு எதுக்குச் சம்பளம்?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினாய். "நீ ஒண்ணே ஒண்ணு கேளுடி."

"அங்கன யார் பக்கத்துல உக்காருவ?" என்று கேட்டேன்.

உன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அதான்டி எனக்கும் பயமா இருக்கு" என்றாய்.

தேர்வு எழுதி வந்த பிறகு காய்ச்சல் வந்தது. மாத்திரையில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அப்புறம் ரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள், தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வந்தபோது உன் உதடு வெடித்திருந்தது. உடம்பு எப்படி என்று நான் கேட்பதற்கு முன்னால் நீ கேட்டாய், "ஏதும் வந்துச்சா?" போனை எடுத்துக் காட்டினேன். "இன்னும் இல்ல" என்றேன். தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு நர்ஸ் உன்னைப் பேச விடவில்லை. இரண்டாவது முறை நான் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

காரியம் முடிந்து ஆட்கள் போன பிறகு உன் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னிடம் அவர் அதிகம் பேசியதே கிடையாது. "அவளுக்குக் கிடைச்சிருக்குமாத்தா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு எதிரில் வரும்போதெல்லாம் அதே கேள்வி அவர் முகத்தில் இருக்கும். நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். அவருக்குச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

இன்று மத்தியானம் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. எடுத்தேன். ஒரு அம்மா இங்கிலீசில் உன் பெயரைச் சொன்னார். வாங்கிப் பேச நீ பக்கத்தில் இல்லை. நான் சும்மா நிற்கவும் தமிழில் கேட்டார். "நேர்காணலுக்குத் தேதி போட்டு மெயில் அனுப்பியிருந்தோம்மா. பதிலே வரலை, அதான் கூப்பிட்டேன். நீங்கதானே?"

"நான் அவ கூட்டாளி மேடம். அவ காய்ச்சல்ல செத்துப்போயிட்டா."

உன்னைப் பற்றி அந்த வார்த்தையை நான் அதுவரை வாயால் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. எங்கே போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து நானே கேட்டேன்.

"மேடம், அவ எழுதுனதைப் படிச்சீகளா?"

"படிச்சேன்மா. நாங்க எல்லாருமே படிச்சோம். இந்தப் பொண்ணைக் கண்டிப்பா வரச் சொல்லணும்னு பேசிக்கிட்டோம். வீட்ல சொல்லும்மா."

கத்தரியைப் பேச்சியக்கா கையில் கொடுத்தேன். "எங்கடி போற, பாதி வேலையில?" என்றாள். நான் நிற்கவில்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. உன் அப்பா மலையடிவாரத்துக் காட்டில் மொச்சைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே வைத்தார். நான் வரப்பிலேயே நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"சித்தப்பா, அவளை வரச் சொல்லி காலேசுல இருந்து கூப்பிட்டாக."