விளக்குக்காரனின் கன்னம்

என் அருமை அண்ணனுக்கு,

உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். லிந்துலையில் மழை விட்டபாடில்லை, எனக்கு முழங்கால் வலியும் விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது என்றுதான் பேர். மாடிப்படி அதே மாடிப்படி, தட்டோடு ஏறி இறங்குகிறவன் அதே நான். அலுத்துப்போச்சு அண்ணே.

படிக்குக் கீழே விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பானே அந்த வெண்கல ஆள், அவனும் அப்படியே நிற்கிறான். தங்கமுலாம் பூசிய தலைப்பாகை, தங்கமுலாம் கச்சை, கறுத்த உடம்பு. இடது கன்னத்தில் நீங்கள் தேய்த்ததால் வந்த மஞ்சள் திட்டும் போகவில்லை.

அன்றைக்குத் துரை ஊரில் இல்லை. "உடுப்பெல்லாம் மின்னுது, மூஞ்சி மட்டும் ஏன்டா இப்படி அழுக்காக் கெடக்கு, பாவம்" என்று சொல்லி, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தீர்கள். அது சீமையில் மருந்து போட்டு ஏற்றிய கறுப்பு என்று நமக்கு யார் சொன்னார்கள்? திரும்பி வந்த துரை குதித்த குதியில் உங்கள் பங்களா வேலை போனது. வேலை விடும் வயதுவரை மலையில் தண்ணீர் ஓடும் கான் வெட்டினீர்கள். லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியவன் நான்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் லண்டனிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார். கறுப்பினத்தவர், காலேஜில் பாடம் நடத்துகிறவராம். காலைச் சாப்பாட்டுக்குப் போகாமல் அவன் முன்னாலேயே நின்றார். ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்து விற்ற காலத்திலும் அதற்குப் பிறகும், ஐரோப்பாவில் பணக்கார வீடுகளுக்கென்று விளக்குத் தூக்கவும் தட்டு ஏந்தவும் இப்படிக் கறுப்பு ஆட்களை வார்ப்பார்களாம். பெயர் கிடையாது. மேசை நாற்காலி மாதிரி அவனும் ஒரு சாமான்.

கன்னத்தில் அது என்ன என்று கேட்டார். மழை ஈரம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். அன்று ஏனோ அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த பங்களா இங்கிலீசில் உங்கள் கதையைச் சொன்னேன், தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இவனைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தவர் உங்கள் அண்ணன் ஒருவர்தான் போல" என்றார். "ஆனால் கறுப்பு அழுக்கு இல்லையே" என்றார்.

உங்கள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை கறுப்பாக இருக்கிறார் என்று முகத்தில் பவுடரை அப்பியவர்கள் நாங்கள்தானே. நீங்களும் துடைக்காமல்தானே மணவறையில் உட்கார்ந்தீர்கள்?

வீட்டுக்கு வந்து உங்கள் படத்தின் முன்னால் நின்றேன். தலவாக்கலை ஸ்டுடியோவில் கொஞ்சம் வெளுப்பாகப் போடச் சொன்னவன் நான். மாலை போடும்போதெல்லாம் அண்ணி, "இது அவரு இல்ல தம்பி" என்பார். அண்ணிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது அண்ணே.

அந்தச் சிலையை மேனேஜர் என்ன செய்வாரோ, அது நம் கையில் இல்லை. படம் நம் கையில் இருக்கிறது. உங்கள் வருஷத் திதிக்குள் வேறு படம் போட்டு மாட்டிவிடுகிறேன், வெயிலிலும் மழையிலும் கான் வெட்டிய உங்கள் சொந்த நிறத்தில். லயத்து ஆட்கள் சாப்பிட வந்து உட்கார்ந்ததும், தண்ணீர் ஊற்றியது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களைப் போலவே கறுத்த,
உங்கள் தம்பி